விரலுக்கு ஒரு ஸ்பானியச் சொல்

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டே மேசைகள், ஒன்றில் நான், இன்னொன்றில் பிரிண்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை எட்டேகால் பஸ்ஸில் ஏறினால் ஒன்பது மணிக்குள் கம்பெனி வாசலில் இறங்கிவிடலாம். அந்தப் பஸ் பயணத்தில்தான் ஸ்பானிய மொழியைப் படித்தேன்.

ஆசைப்பட்டுப் படித்ததல்ல. பெரு நாட்டிலிருந்து ஒருவர் எங்களிடம் காயத்தில் வைத்துக் கட்டும் காஸ் துணி வாங்கத் தொடங்கியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. கடிதமெல்லாம் ஸ்பானிய மொழியில் வரும்.

"போன்ல போட்டா அதுவே மாத்திக் குடுக்குதேம்மா, அது போதாதா?" என்றார் முதலாளி.

முதலில் போதும் போலத்தான் இருந்தது. ஸ்பானிய மொழியில் கட்டுத்துணிக்கு 'வேந்தா' என்று பெயர். விற்கச் சொல்வதற்கும் அதே எழுத்துகள்தான். பத்து சென்டிமீட்டர் கட்டுத்துணி வேண்டும் என்று அவர் எழுதியதை, பத்து சென்டிமீட்டரை விற்றுவிடுங்கள் என்று போன் மாற்றிக் கொடுத்தது. யாருக்கு விற்பது என்று நாங்கள் கேட்டு எழுத, அவர் பயந்துபோய் மூன்று கடிதம் போட்டார். அதற்குப் பிறகு முதலாளியே ஒரு தடித்த அகராதி வரவழைத்துக் கொடுத்து, "நீயே படிச்சிரும்மா" என்று சொல்லிவிட்டார்.

நான் பி.காம். படித்தவள். அப்போது நாற்பது வயது. பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்பவர்கள் நான் ஏதோ ஜெபமோ மந்திரமோ சொல்வதாக நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். இரண்டு வருஷத்தில் தட்டுத் தடுமாறாமல் எழுத வந்துவிட்டது.

எழுத வந்துவிட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அந்த பெரு நாட்டு முகவரியிலிருந்து வேறொருவர் எழுதியிருந்தார். நாலே வரி. தன் கணவர் போன வாரம் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் இறந்துவிட்டார். இனி கடையைத் தான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார். அடுத்த ஆர்டரில் மாற்றமில்லை. அவ்வளவுதான்.

அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆறு வருஷமாக மாதத்துக்கு நாலு கடிதமாவது எழுதியவர். ஒவ்வொரு கடிதத்தையும் எங்கள் ஊரில் மழை பெய்கிறதா என்று கேட்டுத்தான் முடிப்பார். அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தம்மாவுக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்தேன். துரதிர்ஷ்டத்துக்கு ஒரு பக்கம் முழுக்கச் சொல் கிடந்தது. தெஸ்கிராசியா, தெஸ்திச்சா, இன்ஃபொர்தூனியோ, பெர்கான்செ என்று நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருந்தது. அதிகம் புழங்குவது எதுவோ அதை எடுப்போம் என்று முதல் சொல்லை எடுத்தேன். அதிர்ஷ்டமில்லாமல் இளம் வயதிலேயே போய்விட்ட உங்கள் கணவருக்காக வருந்துகிறோம் என்பதற்கு, அந்தச் சொல்லை ஆளுக்கு ஏற்றபடி திருப்பி, 'உங்கள் தெஸ்கிராசியாதோ கணவர்' என்று எழுதி அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் பதிலே இல்லை.

துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. அதை முழுதாகப் படிக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. பாதிக்கு மேல் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் படித்தேன்.

"அம்மா, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் அகராதியில் அது பாவப்பட்டவன் என்றுதான் இருக்கும். எங்கள் தெருவில் அது வசவு. அயோக்கியன், நாசமாய்ப் போனவன் என்று பொருள். என் கணவரை நீங்கள் நாசமாய்ப் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு என் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடக்கம் முடிந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான். உண்மையைச் சொல்கிறேன், கோடவுன் நிறையச் சரக்கையும் என்னையும் விட்டுவிட்டுப் போனதற்கு அவரைத் தினமும் காலையில் நான் அந்தச் சொல்லால்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

நான் அழுதேன். கூச்சத்தில் பாதி, நிம்மதியில் பாதி. பிரிண்டருக்குத் தாள் போட வந்த முதலாளி, "என்னம்மா, ஆர்டர் கேன்சலா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அந்தம்மா வீட்டுக்காரரக் கெட்ட வார்த்தையில வைஞ்சு எழுதிட்டேன்."

"அதுக்கு அவிய என்ன சொல்லுதாவ?" என்றார்.

"தேங்க்ஸ் சொல்லுதாவ சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு தாளைக்கூடப் போடாமல் போய்விட்டார்.

அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. அவருக்கும் என் வயதுதான். வேலைக் கடிதங்களுக்கு அடியில் இரண்டு மூன்று வரி சொந்த விஷயம் வர ஆரம்பித்தது. என் தவறுகளை விடமாட்டார். ஒருமுறை தூத்துக்குடியில் கப்பல் ஐந்து நாள் தாமதமானது. அதற்கு நான் தெஸ்கிராசியா என்று எழுதப் போக, "கப்பல் தாமதமானால் அது கொன்த்ராதியெம்போ. நேரம் நமக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது, அவ்வளவே. தெஸ்கிராசியா என்றால் யாராவது செத்திருக்க வேண்டும். நான் பயந்துவிட்டேன்" என்று எழுதினார். இன்னொரு முறை மழையில் பதினோரு பெட்டி நனைந்துவிட்டது. அது பெர்கான்செவாம். கண்ணாடி டம்ளர் கைதவறி விழுவது, கால் இடறிச் செருப்பு அறுவது, இந்த மாதிரிச் சில்லறைச் சங்கடங்களுக்கு உள்ள சொல். இன்ஃபொர்தூனியோவைப் புத்தகத்தில் எழுதுபவர்களுக்கு விட்டுவிடுங்கள் என்றார்.

தெஸ்திச்சாவைப் பற்றி மட்டும் உடனே சொல்லவில்லை. ஒரு வருஷத் திவசம் முடிந்த பிறகு ஒருநாள் எழுதினார். "அது நடப்பதல்ல. நடந்த பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது. நாற்காலி போட்டு உட்காரும். சில வீடுகளில் எழுந்து போகும், சில வீடுகளில் போகாது."

அதைப் படித்துவிட்டு அன்று பஸ்ஸில் இயர்போன் மாட்டாமலே வீடு வந்தேன்.

இதற்கு மறுவருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். எதிலும் அவசரம். சாப்பாட்டில் அவசரம், வண்டியில் அவசரம், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்குவார். அன்று சேத்தூரில் என் தம்பி மகளுக்குச் சடங்கு. சாயங்காலம் சீர்த் தட்டோடு நாங்கள்தான் முதலில் போய் நிற்க வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு நான் ஆபீசிலிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

"நாலு மணிக்கெல்லாம் வந்து என்னைக் கூட்டிக்கிடணும். போன தடவை மாதிரி லேட் பண்ணீங்கன்னா எங்க வீட்டாளுக முன்னாடி எனக்குத்தான் அசிங்கம்."

"வாரேன், வாரேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்றேகாலுக்கு மில்லிலிருந்து அழைத்தார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. சுவிட்சை அணைத்திருக்கிறார். ஆனால் உள்ளே சுற்றும் உருளை உடனே நிற்காது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்துதான் நிற்கும். அது நிற்பதற்குள் மூடியைத் திறந்து கையை விட்டிருக்கிறார். இராஜபாளையத்திலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரலைத் தைத்துக் காப்பாற்றினார்கள். நர்ஸ் கட்டுத் துணி உறையைப் பிரித்தபோது, அது எங்கள் கம்பெனியுடையதா என்று என் கண் தானாகப் போய்ப் பார்த்தது. இல்லை. அந்த நேரத்தில் அதைப் பார்த்தேனே என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

பத்து நாள் மதுரை. பிறகு வீடு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆட்கள் வந்து போனார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். கெரகம் என்றார்கள். போறாத காலம் என்றார்கள். புது வண்டி எடுத்தீங்கள்ல, கண்ணு பட்டிருக்கு என்றார் எதிர்வீட்டுக்காரர். என் பெரியம்மா தலையெழுத்து என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். என் கணவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "சின்ன அடிதான். ஆறிப் போச்சு." ஆறவே இல்லை. கட்டைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டுதான் அதையும் சொல்வார்.

எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. காப்பி வேணுமா, வேணாம். சோற்றைப் பிசைந்து நான் ஊட்டுவேன்; அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ஒரு மணிக்கு நான் செய்த போனையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு வைதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மூன்றாவது வாரம் பெரு நாட்டிலிருந்து, ஆபீஸ் முகவரிக்கு இல்லாமல் என் சொந்தப் போனுக்கே செய்தி வந்தது. "உங்கள் முதலாளி ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறார். உங்களுக்கு என்ன ஆயிற்று? நலமா?"

கணவரைத் தூங்கவைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். என் கணவருக்கு மில்லில் ஒரு பெர்கான்செ நடந்தது, இரண்டு விரல் போய்விட்டது, அடுத்த மாதம் வேலைக்கு வந்துவிடுவேன் என்று எழுதினேன். வேறு சொற்கள் நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் இதைத்தான் எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்திருந்தது.

"தோழி, உங்கள் பதினோரு பெட்டி நனைந்ததே, அது பெர்கான்செ. இரண்டு விரல் போவதற்கு அந்தச் சொல் இல்லை. உங்களுக்கு இது தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் கேட்கிறேன். இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது அவரா, நீங்களா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். செத்த நேரம் கழித்துத் திரும்ப எடுத்துப் படித்தேன். என் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, அந்த பெருக்காரம்மாவா?"

"ஆமா."

"என்ன சொல்லுதாவ?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முழுவதையும் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. "அந்தச் சொல்லுல என்ன தப்பு?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ் லேட்டானா ஒரு சொல். டம்ளர் உடைஞ்சா ஒரு சொல். புத்தகத்துல எழுத ஒரு சொல். ஆளு செத்து ஒரே நாள்ல வீட்டையே பொரட்டிப் போட்டா அதுக்கு ஒரு சொல். அது நடந்த பொறவு உள்ள வந்து உக்காந்துக்கிட்டு எந்திரிக்காம இருக்கே, அதுக்குத் தனியா ஒரு சொல்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்புட்டு சொல்லு வச்சிருக்காங்களா? இங்க எல்லாத்துக்கும் கெரகம்னுட்டுப் போயிருதோம்" என்றார். பிறகு, "நீ எதுக்கு டம்ளர் உடையுத சொல்ல எடுத்த?" என்று கேட்டார்.

கேட்ட விதத்தில் குற்றம்சாட்டலே இல்லை. பேரிங் சத்தத்தைக் கேட்டு எங்கே பழுது என்று கேட்பாரே, அந்த மாதிரித்தான் கேட்டார். என்னால் அடக்க முடியவில்லை.

"அது சின்னதா இருந்தா, நான் பண்ணின போனும் சின்னதா இருக்கும்ல" என்றேன். "நான் கூப்பிடாம இருந்திருந்தா நீங்க மெஷின் நிக்கிறவரைக்கும் நின்னிருப்பீங்க. எனக்கு அசிங்கம்னு சொன்னேன். ரெண்டு வெரலுக்கு முன்னாடி என்ன அசிங்கம் எனக்கு?"

அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கைக்குப் பழக்கமில்லாததால் இறுக்கிப் பிடித்தார்.

"அவசரப்பட்டேன். அது நெசந்தான். போறப்ப ஒரு கிலோ லட்டு வாங்கணும், அதுக்கும் சேத்துத்தான் மனசுல கணக்குப் போட்டேன். ஆனா ஏட்டி, இருபத்திரெண்டு வருசமா அந்த மூடிய நிக்கிறதுக்கு முன்னாடியே தொறந்துக்கிட்டுத்தான் இருக்கேன். சூப்பர்வைசர் எத்தனை தடவை வைஞ்சிருக்காருன்னு உனக்குத் தெரியாது. அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஃபிட்டரே இப்படிப் பண்ணலாமான்னு கேப்பாங்கள்ல. அதான் சின்ன அடி, சின்ன அடின்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே சின்னச் சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் அழுதேன். அவர் கண்ணும் கலங்கியது. துடைக்க வலது கையைத் தூக்கப்போய், கட்டைப் பார்த்து இறக்கினார். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். ஊட்டும்போது ஜன்னலைப் பார்ப்பது ஏன் என்று அப்போதுதான் கேட்டேன். "பொண்டாட்டி ஊட்டுதான்னா சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா சட்டைப் பொத்தானக்கூடப் போட முடியலையேன்னு நெனச்சா ஒன் மொகத்தப் பாக்க முடியல" என்றார்.

கொஞ்சம் தெளிந்த பிறகு, "சரி, இப்ப அந்தம்மாவுக்கு எதப் போட்டு எழுதப் போற?" என்று கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க."

யோசித்தார். "அந்த வீட்டப் பொரட்டிப் போடுத சொல்லு இருக்குல்ல, அதப் போடு. அதுல ஆளு செத்திருக்கணும்னியே, பரவால்லையா?"

"ரெண்டு வெரலு போயிருக்குல்ல."

"அப்ப சரி." அவர் லேசாகச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பல்வரிசையைப் பார்த்தேன். "அந்த உக்காந்துக்கிடுத சொல்ல மட்டும் எழுதிராத. அது நம்ம வீட்டுக்குள்ள வரல்லன்னு சொல்லு. வாசல் வரைக்கும் வந்துச்சுன்னு வேணா சொல்லு."

அவர் சொன்னபடியே எழுதினேன். 'எங்கள் வீட்டில் ஒரு தெஸ்கிராசியா நடந்தது. முந்தைய சொல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன், பயத்தில். தெஸ்திச்சா வாசல் வரை வந்தது. என் கணவர் உள்ளே விடவில்லை.' அனுப்பும் முன் இரண்டு முறை இலக்கணம் சரிபார்த்தேன். அவர் எட்டிப் பார்த்து, "என்னை வசவு ஏதும் எழுதிரலயே?" என்று கேட்டார். பழைய கதை அவருக்குத் தெரியும்.

பெருவிலிருந்து வந்த பதில் நீளமில்லை. "இப்போது என்னால் உங்களோடு சேர்ந்து வருத்தப்பட முடியும். பெர்கான்செக்கு எப்படி வருத்தப்படுவது?" என்று இருந்தது. அதன் பிறகு தினமும் எழுதினார். இடது கையால் எழுதிப் பழகக் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள் என்றது அவர்தான். அவர் தம்பி ஒருவனுக்கும் மரம் அறுக்கும்போது அப்படி ஆகியிருந்ததாம்.

கட்டம் போட்ட நோட்டு ஏழு தீர்ந்தது. முதல் நோட்டில் என் கணவரின் பெயர் எழுத்துகள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். சட்டைகளில் பொத்தானை எடுத்துவிட்டு அமுக்கு பட்டன் தைத்துக் கொடுத்தேன். அதைத் தைக்கிற அன்று முழுக்க இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். நாலாம் மாதம் மில்லில் ஸ்டோர்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். உதிரி பாகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை. முதல் நாள் போய்விட்டு வந்து, "மெஷின் சத்தம் அங்க வரைக்கும் கேக்குது" என்றார். அது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. இரண்டாவது வாரம், மூன்றாம் நம்பர் மெஷினில் பேரிங் போகப் போகிறது என்று ஸ்டோர்ஸிலிருந்தே ஆளனுப்பிச் சொல்லியிருக்கிறார். அது உண்மையாகிவிட்டதில் வீட்டில் அன்று பால்கோவா. புது ஆட்கள் சேரும்போது மூடியைத் திறக்கும் முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை இப்போது அவர்தான் சொல்கிறார். கையைக் காட்டிச் சொல்வாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். குளிர் காலத்தில், இல்லாத விரல் அரிக்கிறது என்பார். கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் வலது கை தானாகப் பின்னால் போய்விடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரு அம்மா வீடியோவில் வந்தார். இத்தனை வருஷத்தில் முகம் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் முறை. அவருக்கு அங்கே காலை. தலைக்குக் குளித்து ஈரமாய் விரித்துவிட்டிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிடப் பெரிய குரல். எனக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. ஓலா, ஓலா என்று இரண்டு தடவை வணக்கம் சொல்லிவிட்டு நின்றேன். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வணக்கம்மா" என்று சொல்லி இரண்டு கைகளையும் குவித்தார். குவித்த பிறகுதான் அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும்; ஒரு நொடி விறைத்தார். ஆனால் இறக்கவில்லை. இடது விரல்களுக்கு எதிரே இரண்டு இடம் காலியாக இருக்க, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா திரையில் கிட்டே வந்து பார்த்தார். பிறகு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தானும் கைகளைக் குவித்து, "வனக்கம்" என்றார். என்னிடம் திரும்பி, இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஸ்பானிய மொழியில் கேட்டார்.

"என்ன கேக்குதாவ?" என்றார் இவர்.

"உங்கள எப்படிக் கூப்பிடணும்னு."

"அண்ணன்னு கூப்பிடச் சொல்லு" என்றார். நான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு அந்த 'ண்ண' வரவே இல்லை. ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தார். நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டே அவருக்கு அது வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.